விழ மறுத்த சூரன்

தீபாவளி முடிந்த சூட்டோடு எங்கள் பனியன் கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். வழக்கமாகத் தீபாவளிக்கு மூடினால் திருப்பூர் ஒரு வாரத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும். தெற்கே போகிற பஸ்களில் ஏறியவர்கள் ஊர் ஆசை தீர்ந்த பிறகுதான் திரும்புவார்கள். அந்த வருஷம் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாதியில் நின்றது. ஊருக்குப் போகாமல் தங்கியவர்களை மட்டும் வைத்து மெஷின்களை ஓட்ட ஆரம்பித்தார்கள். தங்கியவர்களில் நானும் ஒருத்தி.

கம்பெனி, முதலிபாளையம் போகும் சாலையில் இருந்தது. பேக்கிங் பகுதிக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீள அறை. வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத் தங்கள் மெஷினுக்குப் போவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். ஏதாவது பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும்வரை இது போதும் என்று சேர்ந்திருந்தேன். என் கணவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி வெட்டுகிற கை அவருக்கு ஒரு இடத்தில் நிற்கும், கால் நிற்காது. கம்பெனி மாறுவார், கூடவே வீடும் மாறும். எந்த வீட்டுச் சுவரிலும் நான் ஆணி அடித்ததில்லை. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித்தான் தொங்கவிட்டேன்.

அப்படிப்பட்ட மனநிலையில் இருப்பவளிடம் ஓயாமல் ஓடுகிற பிள்ளைகளைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அவர்கள் அறைக்குள் ஓடுவார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே மனதால் ஓடிக்கொண்டிருப்பேன். கரண்ட் போகும், ஜெனரேட்டர் உறுமும், ஏதாவது ஒரு குழந்தை அழும். வாசலில் லாரி வந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு யாரோ என்னைக் கூப்பிட வந்தது போலிருக்கும். எட்டிப் பார்ப்பேன். லாரிதான்.

கம்பெனி திறந்த முதல் நாள் முதலாளியம்மா அறைக்கு வந்தார். அவிநாசிப் பக்கம் தோட்டம் துரவுள்ள குடும்பத்தில் பிறந்தவர். பேக்கிங் பகுதியை அவர்தான் பார்த்துக்கொண்டார். கந்த சஷ்டி ஆரம்பித்திருந்தது. வருஷா வருஷம் பாலும் பழமுமாகச் சஷ்டி விரதம் இருப்பவர் அவர். பசியில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே பேசினார்.

“ஏனுங்க டீச்சர், இவங்க சும்மா ஓடிட்டேதான் இருக்கறாங்க. ஊரெல்லாம் சஷ்டி நடக்குது. அந்தக் கதையச் சொல்லி, ஏதாச்சும் செய்ய வைக்கலாமில்லீங்க?”

செய்யலாம் என்றேன். சூரசம்ஹாரம் எனக்குச் சொல்லித்தர வேண்டிய கதையில்லை. எங்கள் ஊர்க் கடற்கரையில் கூட்டத்துக்குள் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வருஷா வருஷம் பார்த்தது. ஆனால் அங்கே எல்லாம் பெரிதாக இருக்கும். இங்கே என்னிடம் இருந்தவை கிழிந்த அட்டைப்பெட்டிகளும், நூல் தீர்ந்த வெற்றுக் கோன்களும், துணி வெட்டியதில் மிஞ்சி மூட்டை மூட்டையாகக் கிடந்த கட்டிங் வேஸ்ட்டும்தான்.

முதல் நாள் கதை சொல்ல உட்கார்ந்தேன். சரவணப் பொய்கை வருவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். உட்கார வைத்துச் சொன்னால் ஆகாது என்று தெரிந்தது. சாக்பீஸால் தரையில் ஆறு தாமரைப் பூக்கள் வரைந்தேன். ஆறு பிள்ளைகளை ஆளுக்கொரு பூவில் நிற்க வைத்தேன். அவர்கள் ஆறு குழந்தைகள். நான் பார்வதி. நான் கை தட்டினால் ஆறு பேரும் ஓடி வந்து ஒன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும், கட்டிக்கொண்டால் ஆறுமுகம். அவ்வளவுதான் விளையாட்டு. கை தட்டுவதற்கு முன்பே ஓடி வந்தார்கள். பூவில் நில்லுங்கள் என்றால் ஒரு கால் பூவில், மறுகால் வெளியே. ஓடி வந்து மோதிக்கொண்டதில் ஒருத்திக்கு நெற்றி புடைத்தது. அழுதுகொண்டே மறுபடியும் போய்ப் பூவில் நின்றாள். மத்தியானம் வரைக்கும் அவர்களுக்கு ஆறுமுகம் அலுக்கவே இல்லை.

மறுநாள் வேல் செய்தோம். அட்டையில் நான் வரைந்து கொடுக்க, பெரிய பிள்ளைகள் வெட்டினார்கள். சின்னவர்கள் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைப் பசை தடவி ஒட்டினார்கள். வாசலுக்கு எதிர்ப் பெட்டிக்கடையில் சொல்லிச் சேர்த்து வைத்த தாள் அது. பனியன் துணியைக் கீற்றாக வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். மஞ்சள் கீற்றுகளைச் சுருட்டி அட்டைப்பெட்டியைச் சுற்றி ஒட்டியதும் சிங்கமுகம் தயார். சாம்பல் நிறத் துணிக்குள் வேஸ்ட்டை அடைத்துத் தைத்து, இன்னொரு பெட்டியில் யானைத் துதிக்கை தொங்கவிட்டோம். பச்சையும் நீலமும் மயில் தோகைக்கு. சூரன் மாமரமாக நிற்க வேண்டுமே என்று தேடியபோது, ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் ஸ்டோர் வாசலில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துக்கொண்டோம்.

தெற்கேயிருந்து பஸ்கள் வரவர, ஒவ்வொரு காலையிலும் புதிதாக இரண்டு மூன்று பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். தூக்கக் கண்ணோடு, அதிரசம் கட்டிய பையோடு வருவார்கள். வந்ததும் முதல் கேள்வி, “முருகன் யாரு?” என்பது. எல்லோருக்கும் முருகனாக வேண்டும். நான் ஒருத்தரைச் சொல்வேன். மறுநாள் வந்தவன் அழுவான். அவனை வைத்தால் முந்தினவன் வேலைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். கடைசியில் பிள்ளைகளே தீர்த்துக்கொண்டார்கள். ஐந்து வயதிருக்கும் ஒருத்தி, தீபாவளி லீவில் பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். தலையில் சந்தனம்கூட முழுதாகப் போகவில்லை. மொட்டை போட்டவள்தான் முருகன் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவளும் ‘சரி’ என்று வேலை வாங்கிக்கொண்டாள்.

சூரனாகத்தான் யாரும் வரவில்லை. சாகிற ஆள் எதற்கு என்று ஒதுங்கினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும், “நான் இருக்கேன் டீச்சர். எனக்கு அந்த மூணு தலையும் வேணும்” என்றாள்.

அவள் அம்மா செக்கிங் மேஜையில், தைத்து வரும் துணியில் பிசிறு நறுக்கிக் குறை பார்க்கும் வேலை செய்தாள். திருநெல்வேலிப் பக்கம் வேதக்காரக் குடும்பம். கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்குப் போவார்கள் என்பதால் தீபாவளிக்குத் திருப்பூரிலேயே இருந்தார்கள். வருஷத்தின் நடுவில் இங்கே வந்ததால் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை. அடுத்த ஜூனுக்காகக் காத்திருந்தாள். சிறுமி சூரன் வேஷம் கேட்கிறாள் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியில் ஒரு பிசிறை நறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“சாமி வேஷம்னா எங்க வீட்டுல ஒத்துக்கிட மாட்டாவ டீச்சர். சூரன்தானே? அவன் சாமி இல்லேல்லா. ஆடட்டும்.”

அதன் பிறகு அந்த அறையில் இருந்ததெல்லாம் மொட்டை முருகனும் இந்தச் சூரனும்தான் என்று சொல்ல வேண்டும். சூரன் தலையை ஆட்டிக்கொண்டு எட்டு வைத்து வருவாள். சின்னப் பிள்ளைகள் பயந்து சுவரோடு ஒட்டுவார்கள். மொட்டை மட்டும் நகரமாட்டாள். யானைத் தலை போய்ச் சிங்கத் தலை வரும், சிங்கம் போய்ச் சூரனின் மீசை வைத்த தலை வரும். பிறகு மாவிலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மரமாக நிற்பாள். மொட்டை வேலால் தொடுவாள். சூரன் தொபீரென்று விழ வேண்டும். விழுந்த நொடியே முருகன் வேலைப் போட்டுவிட்டு ஓடிப்போய், “வலிக்குதா?” என்று கேட்பாள். “சூரன்கிட்ட அப்படிக் கேக்கக் கூடாது” என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. பிறகு கையைப் பிடித்து எழுப்பி, “மயிலாயிரு, மயிலாயிரு” என்று அவசரப்படுத்தி, தோகையைத் தானே கட்டிவிடுவாள். நாளெல்லாம் கொன்றும் எழுப்பியும் அவர்களுக்குத் தீரவில்லை.

எனக்கும் அந்த நாட்களில் வாசலைப் பார்க்கிற பழக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. வீட்டில் கணவர் வேறு கம்பெனி பற்றிப் பேச்செடுத்தபோது, முருகனின் கிரீடத்துக்கென்று எடுத்து வந்த கோனுக்குத் தங்கத்தாள் சுற்றிக்கொண்டே, “சம்ஹாரம் முடியட்டும்” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

சம்ஹாரத்தன்று சாயங்கால டீ இடைவேளையில் பேக்கிங் பகுதியில் நடத்துவது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். டீ நேரம் கொஞ்சம்தான். அதற்குள் எல்லாத் தலையும் மாற வேண்டும், சூரன் விழ வேண்டும், மயில் ஆட வேண்டும். அன்று காலை மொட்டை வரவில்லை. லேட்டாக வருவாள் என்று பார்த்தேன். பத்து மணிக்கு மேல் செக்கிங் மேஜைக்குப் போய்க் கேட்டேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் நேற்றோடு நின்றுவிட்டார்கள் என்று சூரனின் அம்மா சொன்னாள். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்களாம். சூரன் அவள் முந்தானையைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருப்பூரில் இது ஒரு சேதியே இல்லை. நேற்று பக்கத்து மெஷினில் இருந்தவர் இன்று அடுத்த தெருவில் இருப்பார். என் வீட்டிலேயே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அன்று காலை பஸ்ஸில் இறங்கி வந்த ஒரு பையனைப் பிடித்து வேலைக் கையில் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும், எப்போது தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் நன்றாகவே கற்றுக்கொண்டான். சூரன் தன் மூன்று தலைகளையும் வரிசையாக எடுத்து வைத்தாள்.

மணி அடித்ததும் பெண்கள் டீ கிளாஸோடு வந்து நின்றார்கள். அட்டைப்பெட்டி அடுக்குகளின் மேல் ஏறிச் சில பேர் உட்கார்ந்தார்கள். முதலாளியம்மா நாற்காலியை மறுத்து நின்றே பார்த்தார். ஆறு பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டபோது எல்லோரும் சிரித்தார்கள். சூரன் வந்தாள். யானையாக வந்தாள், சிங்கமாக வந்தாள், மீசை வைத்த தலையோடு வந்தாள். மாவிலையைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றாள். புது முருகன் போய் வேலால் தொட்டான்.

மரம் விழவில்லை.

அவன் மறுபடியும் தொட்டான். மூன்றாம் தடவை குத்தியே விட்டான். அவள் அசையாமல் நின்றாள். “விழு, விழு” என்று நான் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் அம்மா கிளாஸை வைத்துவிட்டுக் கண்ணால் அதட்டினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்தால் அங்கே கடவுளே நடுவில் நின்றாலும் எல்லோரும் திரும்பிப் போக வேண்டியதுதான். மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. வெறும் தரையில் காய்ந்த மாவிலையோடு அவள் மட்டும் நின்றாள்.

“நான் ஜெயிச்சிட்டனா டீச்சர்?” என்று கேட்டாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

“ஏன் விழல?”

“அவ வரட்டும்.”

வேறு சமயமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பேன். சின்னவர்களுக்குப் பால் கொடுக்க வேண்டிய நேரம். புது முருகன், சூரன் விழாததற்குத் தான்தான் காரணமோ என்று அழுதுகொண்டிருந்தான். பால் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. கழிப்பறையில் இல்லை, ஸ்டோரில் இல்லை. சரக்கு ஏற்ற லாரி வந்திருந்ததால் கேட் திறந்தே கிடந்தது. யானைத் தலையையும் காணவில்லை.

பிள்ளைகளைப் பேக்கிங் பெண் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். செக்கிங் மேஜையைத் தாண்டும்போது அவள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய கத்தரியோடு அவளும் எழுந்து என் பின்னால் ஓடி வந்தாள்.

முந்தின நாள் பெய்த மழையில் சாலையெல்லாம் குழிகள். துணி மூட்டை ஏற்றிய வண்டிகள் உரசிக்கொண்டு போயின. எனக்கு ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. முனை டீக்கடையில் கேட்டோம். “யானைத் தலைய மாட்டிக்கிட்டு ஒரு பாப்பா இப்பத்தானுங்க போச்சு. எதோ நாடகம்னு நெனச்சேன்” என்று கடைக்காரர் கையைக் காட்டினார். அவர் காட்டிய திசையில் வீடுகளுக்கு மேலே தண்ணித் தொட்டி தெரிந்தது. காலையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

தொட்டிக்குப் பக்கத்துக் கம்பெனியின் கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் நாற்காலியின் பக்கத்தில், மண்ணில், மொட்டை உட்கார்ந்திருந்தாள். அந்தக் கம்பெனியில் பிள்ளைகளுக்கென்று அறை இல்லை. அதனால் அவள் அம்மா வாட்ச்மேனிடம் சொல்லி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு முன்னால் யானைத் தலை நின்றுகொண்டிருந்தது. அதன் கையில் வேல் இருந்தது. தன்னைக் கொல்ல வேண்டிய வேலைச் சூரனே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். சூரனின் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மொட்டை எழுந்து வேலை வாங்கிக்கொண்டாள். சூரன் யானைத் தலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். மாவிலை இல்லை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி மரமாக நின்றாள். மொட்டை வேலால் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், சூரன் ஈர மண்ணில் அப்படியே மல்லாக்க விழுந்தாள். விழுந்த சத்தத்தில் வாட்ச்மேன் பதறி எழுந்தார்.

“வலிக்குதா?” என்றாள் மொட்டை.

“இல்ல.”

“அப்ப மயிலாயிரு.”

தோகை இல்லாமலேயே இரண்டு கையையும் பின்னால் விரித்துக்கொண்டு மயில் ஆடியது. முருகன் அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றினாள். வாட்ச்மேன் எங்களைப் பார்த்து, “உங்க பாப்பாவுங்களா அம்மணி? எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா, சாக வந்தேங்குது. எனக்குக் கையுங் காலும் ஓடலீங்க” என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு அடங்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சூரனின் அம்மா மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். முதுகெல்லாம் சேறாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஓங்கின கையாலேயே அதைத் துடைத்தாள்.

“ஏளா, சொல்லிட்டு வரப்படாதா?”

“சொன்னா விடமாட்டிய.”

மொட்டையிடம் போய்வருகிறோம் என்று சொன்னோம். வேலை அவள் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் நான் நேரே முதலாளியம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. லாரி வந்தால் கேட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அறைக்கு உயரமாகத் தாழ்ப்பாள் வைக்க வேண்டும் என்று அப்போதே மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னார். என்னையும் விடவில்லை. பிள்ளைகளை விட்டுக் கண்ணை எடுக்கலாமா என்று, குரலை உயர்த்தாமல், ஆனால் உறைக்கிற மாதிரி கேட்டார். தலைகுனிந்து நின்றேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு நாளும் போகத் துடித்த இடத்தை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான் கதவுப் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து கேட்டார்.

“டீச்சர், அப்ப சூரன் விழுந்துட்டானுங்களா?”

“விழுந்துட்டாங்க. அங்க போய் விழுந்துட்டா.”

“செரி” என்றார். ஆறு நாளாக உட்காராத மனுஷி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். சூரன் செத்ததற்கு மறுநாள் முருகனுக்குக் கல்யாணமாமே என்று கேட்டார்கள். யாரோ வீட்டில் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. மாப்பிள்ளை தண்ணித் தொட்டிப் பக்கத்தில் இருக்கிறார். புதுத் தாழ்ப்பாளைத் தாண்டி யாரும் போக முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் வேல்தான் முருகன், வேலை வைத்தே பூஜை செய்வார்கள் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். வெள்ளித்தாள் உரிந்த ஒரு வேலை நாற்காலியில் சாய்த்து வைத்து, பச்சைக் கீற்றுகளில் மாலை கட்டினோம். தெய்வானை யார் என்பதில் ஒரு சண்டை, வள்ளி யார் என்பதில் இன்னொன்று. சூரனாக இருந்தவள் இரண்டுக்கும் வரவில்லை. பந்தி பரிமாறுவதுதான் தன் வேலை என்று, முதலாளியம்மா அனுப்பிய சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். என்னைத் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லி அம்மாவிடம் ஓடிப்போய், இதைச் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு வந்து தானும் சாப்பிட்டாள்.

மொட்டையை அதன் பிறகு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். தை பிறந்த பிறகு, பழைய பஸ் நிலையத்தில், அம்மாவின் இடுப்பில் தூங்கிக்கொண்டு போனாள். தலையில் முடி குச்சி குச்சியாக வளர்ந்திருந்தது. அவர்களுடைய பஸ் கிளம்பிவிட்டதால் பேச முடியவில்லை. சூரன் ஜூனில் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்கள் அறைக்கு வந்து, சின்னவர்களைத் தாமரைப் பூவில் நிறுத்திக் கை தட்டுவாள். அவள் தட்டினால் மட்டும் யாரும் முந்திக்கொண்டு ஓடியதில்லை.